அசெம்பிளா, பிராண்டடா: கொழிஞ்சாம்பாறை ஸ்டுடியோ தம்பிக்கு ஒரு பதில்

கேள்வி இதுதான். கொழிஞ்சாம்பாறையில் சின்னதாக ஒரு ஸ்டுடியோ வைத்திருக்கும் தம்பி கேட்கிறார்: கல்யாண ஆல்பம் டிசைன், கூடவே கொஞ்சம் வீடியோ எடிட்டிங், 70,000 ரூபாய்க்குள் ஒரு சிஸ்டம் வேண்டும், மானிட்டர் இருக்கிறது. இப்போது இருப்பது எட்டாம் தலைமுறை ஐ3, இரண்டு 8 ஜிபி ரேம், ஹார்ட் டிஸ்க். பெரிய ஃபைல் திறந்தால் டீ குடித்துவிட்டு வரலாம். கோயம்புத்தூரில் இருக்கும் மச்சான், ஷோரூமில் பிராண்டட் எடு, மூன்று வருடம் திரும்பிப் பார்க்க வேண்டாம் என்கிறார். கடையில் வேலை பார்க்கும் பையன் வீடியோ பார்த்துவிட்டு, நாமே அசெம்பிள் பண்ணலாம்ணா, பத்தாயிரம் மிச்சம் என்கிறான். யார் பேச்சைக் கேட்பது?

மச்சான் வாரண்டி அட்டையைப் பார்க்கிறார், பையன் விலையைப் பார்க்கிறான். இரண்டும் பார்க்க வேண்டியதுதான். ஆனால் கோபாலபுரத்துக்கும் சித்தூருக்கும் நடுவில் இருபது வருடமாகப் பெட்டிகளைத் திறந்து மூடிக்கொண்டிருக்கிறவன் என்ற முறையில் சொல்கிறேன், சிஸ்டம் படுத்துக்கொள்கிற அன்றைக்கு என்ன செய்வோம் என்று யோசித்து வாங்கியவர்கள்தான் நிம்மதியாக இருக்கிறார்கள். அது எப்போது படுக்கும் என்றும் சொல்லிவிடலாம். வைகாசியில் படுக்கும், இல்லையென்றால் ஆவணியில், நம்மூர் மலையாளிகளுக்குச் சிங்க மாசம். அதாவது இரண்டு பக்கத்து முகூர்த்தமும் ஒன்றாக வந்து, நாலு ஆல்பம் கொடுக்க வேண்டிய வாரத்தில். அந்த வாரத்தில் மச்சானின் அட்டை என்ன செய்யும், பையனின் பத்தாயிரம் என்ன செய்யும் என்பதுதான் கணக்கு.

முதலில் ஒன்றைப் பிரித்துவிடுவோம். நம் பக்கத்தில் அசெம்பிள் என்ற ஒரே சொல்லை இரண்டு வேறு சங்கதிக்குச் சொல்கிறோம். ஒன்று, எந்த போர்டு, எந்த எஸ்எம்பிஎஸ் (சிஸ்டத்துக்குள் கரண்ட்டை மாற்றிக் கொடுக்கிற பெட்டி), எந்த ரேம் என்று நீங்களே பெயர் சொல்லித் தேர்ந்தெடுத்து, தனித்தனியாக பில் வாங்கி மாட்டுவது. கையால் மாட்டுகிறவர் நீங்களாக இருக்கலாம், கூலிக்கு ஒரு ஆளாகவும் இருக்கலாம், அது பெரிய விஷயமில்லை. இன்னொன்று, கடைக்காரரிடம் போய் "ஐம்பதுக்கு ஒரு சிஸ்டம் போட்டுக் கொடுங்க" என்று சொல்லிவிட்டு வருவது. இரண்டாவது வகையைத்தான் முக்கால்வாசிப் பேர் வாங்குகிறார்கள், அதில் பட்ட அனுபவத்தை வைத்துத்தான் அசெம்பிள் என்றாலே ஆறு மாசம் என்று பேசுகிறார்கள். உங்கள் மச்சானும் அப்படி ஒன்றைப் பார்த்திருப்பார்.

அந்தக் கடைக் கொட்டேஷன் எப்படி இருக்கும் தெரியுமா? "ஐ5, 16 ஜிபி, 512 எஸ்எஸ்டி, கேபினெட் வித் எஸ்எம்பிஎஸ், கீபோர்டு மவுஸ் ஃப்ரீ." படிக்க நன்றாக இருக்கிறது. எந்த ஐ5 என்று இல்லை. 2011-ல் வந்த எச்61 சிப்செட் போர்டுகள் இன்றைக்கும் புதுப் பெட்டியில் விற்பனைக்கு இருக்கின்றன. அதில் ஒரு பழைய மூன்றாம் தலைமுறை ஐ5-ஐ உட்காரவைத்தாலும் அது ஐ5தான், பொய் சொன்னதாக ஆகாது. எஸ்எஸ்டி என்ன கம்பெனி, ரேம் ஒரு குச்சியா இரண்டு குச்சியா, எதுவும் இல்லை. இதெல்லாம்கூடப் பரவாயில்லை. எனக்கு அந்த வரியில் பயமே "வித் எஸ்எம்பிஎஸ்" என்ற இரண்டு சொல்லைப் பார்த்துத்தான்.

ஏன் பயம் என்றால் அந்தத் தவறை நானே செய்திருக்கிறேன். தொழில் தொடங்கிய புதிதில் உங்களைப் போல ஒரு ஸ்டுடியோக்காரருக்கு சிஸ்டம் போட்டுக் கொடுத்தேன். அவர் சொன்ன தொகைக்குள் அடங்கவில்லை, எங்கே குறைக்கலாம் என்று பார்த்தால் எஸ்எம்பிஎஸ்தான் கண்ணில் பட்டது, வெளியே தெரியாத சாமான்தானே என்று கேபினெட்டோடு வந்ததையே விட்டுவிட்டேன். மேலே 450 வாட் என்று ஸ்டிக்கர். கையில் எடுத்தால் காலி டிபன் பாக்ஸ் மாதிரி இருந்தது, அப்போது எனக்கு அது உறைக்கவில்லை. ஒரு ஐப்பசி சாயங்காலம், இடி மழை, கரண்ட் போய்ப் போய் வந்தது. மறுநாள் காலையில் திறந்து பார்த்தால் எஸ்எம்பிஎஸ் தான் மட்டும் போகவில்லை, போர்டையும் இரண்டு ஹார்ட் டிஸ்க்கையும் கூட்டிக்கொண்டு போயிருந்தது. இரண்டாவது டிஸ்க் பேக்கப்புக்கு என்று வைத்தது, அதே பெட்டிக்குள். ஒரு கல்யாணத்தின் முகூர்த்தப் படங்கள் மொத்தமும் போயின. அந்தப் பெண்வீட்டாரிடம் அவர் என்ன சொன்னார் என்று நான் இன்றுவரை கேட்கவில்லை. அன்றைக்குப் பிறகு எஸ்எம்பிஎஸ்ஸைக் கையில் தூக்கிப் பார்க்காமல் ஒரு சிஸ்டத்துக்கும் கை வைத்ததில்லை.

நல்ல எஸ்எம்பிஎஸ் கனமாக இருக்கும், ஏனென்றால் உள்ளே டிரான்ஸ்ஃபார்மர், காயில், ஹீட் சிங்க், பெரிய கெப்பாசிட்டர் எல்லாம் நிஜமாகவே இருக்கும். ஓவர் வோல்டேஜ், ஓவர்லோடு, ஷார்ட் எது வந்தாலும் தன்னை நிறுத்திக்கொள்கிற பாதுகாப்புச் சுற்றும் இருக்கும். மலிவு வகையில் இதையெல்லாம் போடவேண்டிய இடம் போர்டில் காலியாகவே கிடக்கும், திறந்து பார்த்தால் ஓட்டை மட்டும் தெரியும். 80 ப்ளஸ் ப்ரான்ஸ் முத்திரை (கரண்ட்டை அதிகம் வீணாக்காது என்பதற்கு), ஐந்து வருட வாரண்டி, தெரிந்த கம்பெனி, 550 வாட்: இவ்வளவும் இருக்கிற ஒன்றுக்கு நாலாயிரம் ஐயாயிரம் ஆகும். அந்த டிபன் பாக்ஸ் எழுநூறு ரூபாய். உங்கள் பையன் சொல்கிற பத்தாயிரம் மிச்சத்தில் இந்த வித்தியாசம் ஒளிந்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

எஸ்எம்பிஎஸ் பேச்சு வந்துவிட்டதால் எர்த்தையும் சொல்லிவிடுகிறேன், இதைச் சொல்லாமல் பிராண்டட், அசெம்பிள் என்று பேசுவதில் அர்த்தமில்லை. "அண்ணா, கேபினெட்டில் கை வைத்தால் சுருசுருவென்று அடிக்குது, அசெம்பிள் சிஸ்டம்னா இப்படித்தானா?" என்று மாசத்துக்கு ஒருவராவது கேட்கிறார். போன வருடம் ஒரு தென்னந்தோப்பு வீட்டுக்குப் போனேன். டெஸ்டரைக் கேபினெட் ஸ்க்ரூவில் வைத்தால் மினுக்கென்று எரிகிறது. மல்டிமீட்டரில் நியூட்ரலுக்கும் கேபினெட்டுக்கும் நடுவே நூறு வோல்ட்டுக்குப் பக்கத்தில் காட்டியது. வீட்டுக்காரர் அரண்டுபோய்விட்டார். இதில் சிஸ்டத்தின் தப்பு ஒன்றும் இல்லை. எல்லா எஸ்எம்பிஎஸ்ஸிலும் உள்ளே வருகிற இரண்டு லைனிலிருந்தும் உடம்புக்கு ஒவ்வொரு சின்ன கெப்பாசிட்டர் போட்டிருப்பார்கள், இரைச்சலை எர்த்துக்குத் தள்ளுவதற்காக. எர்த் இருந்தால் அது மண்ணுக்குப் போய்விடும். இல்லையென்றால் கேபினெட் 230-ல் பாதியில் தொங்கிக்கொண்டு நிற்கும். கரண்ட் ரொம்பக் கொஞ்சம், ஆளை ஒன்றும் செய்யாது, ஆனால் கேமராவையும் ஹார்ட் டிஸ்க்கையும் யுஎஸ்பியில் மாட்டும்போது போர்ட்டை ஒருநாள் தின்றுவிடும். பிராண்டட் பெட்டியை வைத்தாலும் அங்கே அதே சுருசுருதான்.

அந்த வீட்டில் பிளக்கில் மூன்றாவது முள்ளே இல்லை. பழைய சாக்கெட்டில் நுழையவில்லை என்று யாரோ வெட்டியிருந்தார்கள். வெட்டாத வீடுகளிலும் எர்த் குழி இருக்கும், ஆனால் நம் கொழிஞ்சாம்பாறை, எருத்தேம்பதி பக்கம் பாலக்காடு ஜில்லாவிலேயே மழை குறைந்த கிழக்கு ஓரம் அல்லவா, கோடையில் குழி காய்ந்து கிடக்கும். மாசி, பங்குனியில் இரண்டு குடம் தண்ணீர் ஊற்றச் சொல்வேன், சிரிப்பார்கள். ஊற்றிப் பாருங்கள், மீட்டரே சொல்லும். புதுசு வாங்குவதற்கு முன் எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு எர்த்தைப் பார்த்துவிடுங்கள்.

வோல்டேஜ் விஷயம் அவ்வளவு பயப்படுகிற மாதிரி இல்லை. பக்கத்துத் தோப்பில் மோட்டார் ஓடும்போது 170-க்கு இறங்குகிறது என்றால், ஆக்டிவ் பிஎஃப்சி (உள்ளே வருகிற கரண்ட்டைச் சீராக்கும் சுற்று) இருக்கிற நல்ல எஸ்எம்பிஎஸ் பொதுவாக 100 முதல் 240 வோல்ட் வரைக்கும் தானாகவே சமாளிக்கும். தனியாக ஸ்டெபிலைசர் வேண்டாம். யுபிஎஸ் கட்டாயம் வேண்டும், ஆனால் அந்த 600 விஏ சின்னப் பெட்டி 360 வாட்தான் தாங்கும் என்பதையும், கிராபிக்ஸ் கார்டு முழு வேகத்தில் ஓடும்போது கரண்ட் போனால் அது கையை விரித்துவிடலாம் என்பதையும் தெரிந்துகொண்டு ஒரு படி பெரியதாக, 1 கேவிஏ, எடுங்கள். துலாவர்ஷ நேரத்தில், அதாவது ஐப்பசி மழைக் காலத்தில், மத்தியானம் மூன்று மணிக்கு மேல் கிழக்கே கறுத்தால் பிளக்கையும் இன்டர்நெட் ஒயரையும் சேர்த்துப் பிடுங்கிவிடுங்கள். மின்னலுக்கு யுபிஎஸ் பதில் இல்லை.

சரி, பிராண்டடுக்கு வருவோம். எனக்கு அதன் மேல் பகை ஒன்றும் இல்லை. பெரிய கம்பெனிகள் ஆபீஸுக்கு என்று விற்கிற வகையில் எஸ்எம்பிஎஸ் தரமானது, சத்தமே வராது, கரண்ட் குறைவு, ஒரிஜினல் விண்டோஸ் கூடவே வரும், மூன்று வருட ஆன்சைட் எடுத்திருந்தால் ஆள் வீட்டுக்கே வருவார். கூட்டுறவுச் சங்கத்திலோ மருந்துக் கடை பில்லிங்கிலோ கேட்டால் கண்ணை மூடிக்கொண்டு அதைத்தான் சொல்வேன். பயன்படுத்துகிறவருக்குப் பெட்டியைத் திறக்கிற தேவையும் ஆசையும் இல்லாத இடம் அது.

வம்பு எங்கே என்றால், அதே பெட்டியை ஐந்தாவது வருடத்தில் திறக்கிறபோதுதான் அது யாருடையது என்று தெரியும். நாம் கடையில் வாங்குகிற போர்டு, கேபினெட், எஸ்எம்பிஎஸ் எல்லாம் 1995-ல் இன்டெல் கொண்டுவந்த ஏடிஎக்ஸ் அளவை இன்னும் பின்பற்றுகின்றன, அதனால் முப்பது வருடம் கழித்தும் ஒருத்தன் கேபினெட்டில் இன்னொருத்தன் போர்டு உட்காரும். பிராண்டட் டவர்கள் பலவற்றில் அப்படி இல்லை. எஸ்எம்பிஎஸ் கனெக்டர் அவர்களுக்கென்று தனி, போர்டின் ஸ்க்ரூ ஓட்டை தனி, முன்பக்க பட்டன் ஒயர்கூடத் தனி. எஸ்எம்பிஎஸ் 180 வாட், 240 வாட் என்று அளந்து வைத்திருப்பார்கள், கிராபிக்ஸ் கார்டுக்குத் தனி ஒயரே இருக்காது. அப்போது ஸ்லாட் தருகிற 75 வாட்டுக்குள் ஓடுகிற கார்டு மட்டும்தான் போடலாம், அதிலும் உயரம் குறைந்த கார்டு. வாரண்டி முடிந்தபின் எஸ்எம்பிஎஸ் போனால் பொள்ளாச்சியில் கிடைக்காது, பாலக்காட்டில் கிடைக்காது, ஆன்லைனில் பழையதைத் தேடி வாங்கி ஒரு வாரம் காத்திருக்க வேண்டும். வாரண்டி இருக்கும்போதும், "ஆன்சைட்" என்றால் அன்றைக்கே என்று அர்த்தமில்லை. போன் பண்ணி, அவர்கள் சொல்கிறபடியெல்லாம் பட்டனை அழுத்திக் காட்டி, பார்ட் வந்து, ஆள் வந்து சேர வேண்டும். நம் பின்கோடு ஊர்ப்புறம் என்பதால் அதற்கு ஒரு நாள் கூடுதல். நாலு ஆல்பம் பாக்கி இருக்கும்போது அந்த நாட்களை எண்ணிப் பாருங்கள்.

நாமே தேர்ந்தெடுத்த சிஸ்டத்தில் எஸ்எம்பிஎஸ் போனால் என்ன ஆகும்? காலையில் பஸ் ஏறிப் பொள்ளாச்சி போய் இன்னொன்று வாங்கி, மத்தியானத்துக்குள் மாட்டி வேலையைத் தொடங்கலாம். போனதை வாரண்டிக்கு அனுப்பிவிட்டு, அது திரும்பி வந்ததும் ஸ்பேராக வைத்துக்கொள்ளலாம். உங்கள் தொழிலுக்கு அசெம்பிள்தான் என்று நான் சொல்வதற்கு முதல் காரணம் இதுவே, விலை இல்லை.

இன்னொரு காரணம் உங்கள் கேமரா. இதைப் பெரும்பாலான ஷோரூம் ஆட்கள் சொல்லமாட்டார்கள், யூடியூப் பையனும் சொல்லமாட்டான். இப்போதைய கல்யாண கேமராக்களில் 10 பிட் 4:2:2 என்று ஒரு ரெக்கார்டிங் முறை இருக்கிறது, கலர் கரெக்‌ஷனுக்கு நல்லது என்று எல்லோரும் அதில்தான் எடுக்கிறீர்கள். எச்.265 என்ற சுருக்கும் முறையில் எடுத்த அந்த ஃபைலை எடிட்டிங்கில் ஓட்டிப் பார்க்கிறபோது திக்கித் திக்கி ஓடுகிறதென்றால், அதைப் பிரிக்கிற வேலையை ப்ராசஸர் தனியாளாகச் சுமக்கிறது என்று அர்த்தம். இன்டெல்லின் பதினோராம் தலைமுறையிலிருந்து வந்த டெஸ்க்டாப் ப்ராசஸர்களில், உள்ளேயே இருக்கிற கிராபிக்ஸ் அந்த வேலையை வாங்கிக்கொள்ளும். என்விடியாவில் 2025-ல் வந்த 50 வரிசையிலிருந்துதான் 4:2:2 வந்தது, அதற்கு முந்தைய கார்டுகள் விலை எவ்வளவு இருந்தாலும் இந்த ஒரு ஃபைலுக்கு உதவாது. ஆகவே பெயரின் கடைசியில் எஃப் என்று முடிகிற இன்டெல் ப்ராசஸரை வாங்காதீர்கள். எஃப் என்றால் உள் கிராபிக்ஸ் இல்லை. இரண்டாயிரம் குறைகிறதே என்று தாவி விழுந்து எஃப் வாங்கிவிட்டு, கிராபிக்ஸ் கார்டும் வாங்காமல், "ஃபேன் சுத்துது, டிஸ்ப்ளே வரலை" என்று போர்டைக் குறை சொல்லிக்கொண்டு என்னிடம் வந்தவர்கள் மூன்று பேராவது இருப்பார்கள்.

இப்போது ரேம். 2025 கடைசியிலிருந்து ரேம் விலை தங்கம் மாதிரி ஏறியிருக்கிறது. ஏஐ டேட்டா சென்டர்களுக்கு விற்பதில்தான் லாபம் என்று தயாரிப்பாளர்கள் அந்தப் பக்கம் திரும்பிவிட்டார்கள், மைக்ரான் தன்னுடைய க்ரூஷியல் சில்லறை வியாபாரத்தையே மூடுவதாக 2025 டிசம்பரில் அறிவித்தது. இதனால் வழக்கமான கணக்குகள் கொஞ்சம் தலைகீழாகியிருக்கின்றன. பழைய விலைக்கு வாங்கிய ரேம் உள்ளேயே உட்கார்ந்திருக்கிற பிராண்டட் பெட்டி ஏதாவது ஷோரூமில் ஸ்டாக் இருந்தால், அது நாம் சேர்க்கிற செலவைவிடக் குறைவாக இருக்கலாம். எனவே மச்சானை ஒருமுறை விலை கேட்கச் சொல்லுங்கள். தப்பில்லை.

ஆனால் உங்களிடம் ஏற்கெனவே இரண்டு 8 ஜிபி டிடிஆர்4 (ரேமின் ஒரு தலைமுறை) இருக்கிறதே! அதுதான் இந்த வருடம் உங்கள் துருப்புச் சீட்டு. பன்னிரண்டு முதல் பதினான்காம் தலைமுறை இன்டெல்லுக்கு டிடிஆர்4 போர்டும் உண்டு, டிடிஆர்5 போர்டும் உண்டு. பி760 சிப்செட்டில், நாலு ரேம் ஸ்லாட் உள்ள, டிடிஆர்4 போர்டு ஒன்றைத் தேடிப் பிடியுங்கள். பழைய இரண்டு குச்சியும் அதில் உட்காரும். வேகம் கொஞ்சம் குறைவு, ஆல்பம் வேலையில் அது கண்ணுக்குத் தெரியாது. பாக்கி இரண்டு ஸ்லாட்டை விலை இறங்கும்போது நிரப்பி 32-க்குப் போகலாம். அந்த போர்டில் ப்ராசஸர் உட்காரும் சாக்கெட் பதினான்காம் தலைமுறையோடு முடிந்துவிட்டது, ஏஎம்டியின் ஏஎம்5 சாக்கெட்டில் 2027 வரை புது ப்ராசஸர் வரும் என்றிருக்கிறார்களே என்று யாராவது சொல்வார்கள். உண்மைதான். நீங்கள் போன சிஸ்டத்தை எத்தனை வருடம் வைத்திருந்தீர்கள், நடுவில் ப்ராசஸர் மாற்றினீர்களா? மாற்றவில்லை. இதிலும் மாற்றமாட்டீர்கள், விடுங்கள்.

மற்ற சாமான்களை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். ப்ராசஸர் ஐ5 14400, எஃப் இல்லாதது, பாக்ஸில் வருவது. ட்ரே என்று தனியாகக் கிடைப்பதை வாங்காதீர்கள். பாக்ஸுக்கு இன்டெல்லே மூன்று வருடம் நேரடியாகப் பொறுப்பு, ட்ரேக்கு விற்ற கடைக்காரர்தான் பொறுப்பு. எஸ்எஸ்டி என்விஎம்இ (போர்டிலேயே நேராகச் செருகும் வேகமான வகை) 1 டிபி, தெரிந்த கம்பெனி. கேபினெட்டுக்கு முன்பக்கம் கழற்றிக் கழுவுகிற வலை இருக்க வேண்டும், ஆனி ஆடியில் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று நம் ரோட்டுப் புழுதியை எங்கே கொண்டுவந்து கொட்டும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பின்பக்கம் காலி ஸ்லாட்டுகளுக்குத் தகடு மாட்டி அடைத்துவிடுங்கள். கதகதப்பாக இருக்கிறதென்று பல்லி உள்ளே குடியேறும், பிறகு போர்டின் மேல் கருகிக் கிடக்கும், எடுத்துப்போட்டவன் நான். கிராபிக்ஸ் கார்டு இப்போதைக்கு வேண்டாம், உள் கிராபிக்ஸில் ஒரு சீசன் ஓட்டிப் பாருங்கள், வீடியோ ஆர்டர் கூடினால் அப்போது வாங்கலாம். மிச்சமாகிற பணத்தில் யுபிஎஸ்ஸும், பேக்கப்புக்கு வெளியே வைக்கிற ஒரு ஹார்ட் டிஸ்க்கும். அந்த டிஸ்க் ராத்திரி உங்களோடு வீட்டுக்கு வர வேண்டும், கடையில் தூங்கக் கூடாது.

எல்லையின் எந்தப் பக்கம் வாங்குவது என்றும் கேட்டிருந்தீர்கள். 2017 ஜூலை 1-க்கு முன்னால் அது பெரிய கேள்வி. செக்போஸ்ட்டில் பில்லைக் காட்டி, எதற்கு, யாருக்கு என்று பதில் சொல்லி வர வேண்டியிருந்தது. இப்போது வாளையாருக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் கம்ப்யூட்டர் சாமானுக்கு அதே 18 சதவீத ஜிஎஸ்டி. நடுவில் 2019 ஆகஸ்ட்டிலிருந்து 2021 ஜூலை வரை கேரளத்தில் வெள்ள நிவாரண செஸ் ஒரு சதவீதம் கூடுதலாக இருந்தது. அந்த ஒரு சதவீதத்தை மிச்சம் பிடிக்கக் கோயம்புத்தூர் போய், பஸ்ஸுக்கும் பிரியாணிக்கும் அதைவிட அதிகம் செலவழித்துவிட்டு வந்தவர்களை எனக்குத் தெரியும். கோயம்புத்தூரில் சாமான் வகை அதிகம், டிடிஆர்4 போர்டு மாதிரி தேடவேண்டியதற்கு அங்கேதான் போக வேண்டும். ஓணம் ஆஃபரும் தீபாவளி ஆஃபரும் இரண்டுமே நமக்குக் கிடைக்கும் என்பது எல்லையில் குடியிருப்பதன் சுகம். வாரண்டி பெரும்பாலும் நாடு முழுக்கச் செல்லும், சீரியல் நம்பரை வைத்துத்தான் பார்ப்பார்கள். பில்லில் ஒவ்வொரு சாமானும் தனி வரியாக, சீரியல் நம்பரோடு இருக்க வேண்டும். "கம்ப்யூட்டர் சிஸ்டம் 1" என்று ஒரே வரியில் எழுதித் தந்தால் வாங்காதீர்கள். பில் எழுத்து வெளுத்துப்போகும், அன்றைக்கே போனில் படம் எடுத்துவிடுங்கள்.

அப்புறம், மாட்டுவது. பையனையே மாட்ட விடுங்கள், நீங்கள் பக்கத்தில் உட்காருங்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் போதும். பயப்பட வேண்டியது ஒரே இடத்தில், ப்ராசஸர் சாக்கெட். அதில் ஆயிரத்துக்கும் மேல் மயிரிழை மாதிரி முள் நிற்கும், ப்ராசஸரை மேலிருந்து நேராக வைத்துவிட்டு விரலை எடுத்துவிட வேண்டும். இப்படி அப்படி நகர்த்தினால் முள் சாயும், சாய்ந்தால் வாரண்டி கிடையாது. போர்டோடு வருகிற பிளாஸ்டிக் மூடியைத் தூக்கிப் போடாதீர்கள், என்றைக்காவது வாரண்டிக்கு அனுப்பும்போது அது இல்லையென்றால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். கூலருக்கு அடியில் பிளாஸ்டிக் படலம் இருந்தால் உரித்துவிட்டு மாட்டுங்கள், இதைச் சொன்னால் சிரிப்பீர்கள், உரிக்காமல் மாட்டிவிட்டு ஹீட் ஆகிறது என்று வந்த சிஸ்டம் உண்டு. கேபினெட்டில் போர்டுக்கு அடியில் பித்தளைக் குமிழ்கள் சரியான ஓட்டையில் இருக்கின்றனவா என்று எண்ணிப் பாருங்கள், ஒன்று தப்பான இடத்தில் நின்றால் போர்டின் முதுகில் குத்தி ஷார்ட் ஆகும். ரேம் இரண்டு குச்சியையும் ப்ராசஸரிலிருந்து எண்ணி இரண்டாவது, நாலாவது ஸ்லாட்டில் போடுங்கள், கிளிக் என்று கேட்கும்வரை அழுத்துங்கள். அந்த அழுத்தத்தில் போர்டு வளைகிறதே என்று மனசு பதறும், பதறட்டும். மேல் மூலையில் ப்ராசஸருக்கு என்று தனியாக எட்டு முள் ஒயர் ஒன்று உண்டு, புதிதாக மாட்டுகிறவர்கள் மறப்பது அதைத்தான்.

முதல்முறை பவர் பட்டனை அழுத்தியதும் ஸ்க்ரீன் கறுப்பாகவே சிறிது நேரம் நிற்கலாம், போர்டு ரேமோடு பேசிப் பழகிக்கொண்டிருக்கும். உடனே பட்டனை அமுக்கி நிறுத்தாதீர்கள். ஒரு டீ சொல்லுங்கள். வந்தவுடன் முதல் வேலையாக பயாஸை (போர்டுக்குள் இருக்கும் அடிப்படை மென்பொருள்) அப்டேட் பண்ணிவிடுங்கள். பதின்மூன்று, பதினான்காம் தலைமுறை இன்டெல்லின் பெரிய மாடல்கள் சிலவற்றில் வோல்டேஜ் அதிகம் போய் ப்ராசஸர் கெட்டுப்போகிற ஒரு கோளாறு 2024-ல் வெளியே வந்தது, சரிசெய்கிற திருத்தம் பயாஸ் வழியாகத்தான் வருகிறது. பாதிக்கப்பட்ட மாடல்களில் பாக்ஸில் வாங்கியவர்களுக்கு இன்டெல் வாரண்டியை இரண்டு வருடம் நீட்டிக் கொடுத்தது.

பழைய ஐ3 பெட்டியை விற்றுவிடாதீர்கள், ஆயிரம் ரெண்டாயிரத்துக்கு மேல் யாரும் தரமாட்டார்கள். அதற்குப் பழைய 4 ஜிபி குச்சி ஒன்றும் 256 எஸ்எஸ்டி ஒன்றும் போட்டால் கவுண்டரில் பாஸ்போர்ட் போட்டோ பிரிண்ட் எடுக்கத் தாராளமாகப் போதும், எட்டாம் தலைமுறை என்பதால் விண்டோஸ் 11-ம் ஏற்றுக்கொள்ளும். விண்டோஸ் 10-க்கு ஆதரவு 2025 அக்டோபர் 14-ஓடு முடிந்துவிட்டது, அதனால் மகளுக்கென்று தனியாக ரீஃபர்பிஷ்டு ஒன்று பார்த்தாலும் எட்டாம் தலைமுறைக்குக் கீழே இறங்காதீர்கள். அவள் கேரள சிலபஸ் என்றால் ஸ்கூலில் சொல்லிக்கொடுப்பதே உபுண்டுவிலிருந்து உருவாக்கிய கைட் லினக்ஸ்தான், அதையே ஏற்றிக் கொடுத்துவிடலாம், லைசென்ஸ் காசு கிடையாது. கோயம்புத்தூர் கிளம்புவதற்கு முந்தின நாள் அந்தப் பழைய பெட்டியின் பக்கத் தகட்டைக் கழற்றி, இரண்டு ரேம் குச்சியின் ஸ்டிக்கரையும் படம் எடுத்து எனக்கு அனுப்புங்கள். அதைப் பார்த்துவிட்டு போர்டின் பெயரைச் சொல்கிறேன்.